காரைக்குடியில் காரட் விளைகிறதா?

கேள்வி: உழவர் சந்தையில் இருப்பவர்கள் எல்லோரும் விவசாயிகள்தானே? ஒரே ஆளிடம் காரட், பீட்ரூட், கத்திரி எல்லாம் வாங்கிவிடுகிறேன். அலைச்சல் மிச்சம். – காரைக்குடி வாசகி

பதில்: நம் ஊர்ச் செம்மண்ணில் காரட் எங்கே அம்மா விளைகிறது? அது கொடைக்கானலில் இருந்தும் ஊட்டியில் இருந்தும் வருவது. மலைக்காய்க்கென்று தனிக்கடை இருந்தால் சரி. ஒரே சாக்கு விரிப்பில் காரட்டையும் கத்திரியையும் அடுக்கியிருப்பவர், பெரும்பாலும் விடியுமுன் மண்டியில் எடுத்து வந்த வியாபாரிதான்.

இது என் நெடுநாள் எரிச்சல். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தையைத் திறந்ததே இடைத்தரகர் இல்லாமல் விற்கத்தான். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே தருகிறார்கள். சாகுபடியைச் சரிபார்த்துப் படம் ஒட்டிய அட்டை கொடுக்கிறார்கள். அந்தச் சலுகையெல்லாம் வியாபாரிக்குப் போய்விட்டால், அரைக்கூடை வெண்டைக்காயோடு முதல் பஸ்ஸில் வந்த அப்பத்தா வாசலுக்கு வெளியே வெயிலில் உட்கார வேண்டியதுதான்.

அட்டையைக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், "என்னைக்குப் பறிச்சீங்க, எத்தனை குழி நிலத்துல போட்டிருக்கீங்க?" என்று பேச்சுக் கொடுங்கள். விளைவித்தவர் பூச்சி விழுந்த கதை, கிணற்றில் தண்ணீர் இறங்கிய கதை என்று நிறுத்தமாட்டார். வியாபாரி, "எவ்வளவு போடட்டும்?" என்பார்.

கேள்வி: பத்து மணிக்குப் போனால் நல்ல காய் கிடைக்குமா? – கோட்டையூர்

பதில்: கூடை கிடைக்கும்.

கேள்வி: இரண்டு கிலோ பாகற்காய் வாங்கினேன். வீட்டில் நிறுத்தால் 1,700 கிராம். மறுநாள் போய்க் கேட்டதற்கு, "உங்க வீட்டுத் தராசைப் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். – தேவகோட்டை

பதில்: எடையில் அடித்தது போதாதென்று சிரிப்பு வேறு! உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அடுத்த முறை, பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முதலில் அதைத் தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் அப்போதே சந்தை நிர்வாக அலுவலரிடம் போய் நில்லுங்கள். மறுநாள் போனால் நம் பேச்சு எடுபடாது. தராசில் முத்திரை இல்லையென்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்குப் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறம், அன்றைய விலைப்பலகையையும் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கேள்வி: மலிவாக இருந்ததால் பத்து கிலோ தக்காளி வாங்கினேன். அடியில் பாதி அழுகல். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பணம் திரும்பக் கிடைக்குமா? – புதுவயல்

பதில்: கூடையைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்குப் பத்து கிலோ எதற்கு என்றும் யோசிக்கவில்லை. கிடைக்காது. மேல்பாதியைத் தொக்குப் போடுங்கள்.

கேள்வி: கருப்புக் கவுனி அரிசி ஊறவைத்த தண்ணீர் ஊதாவாகிவிட்டது. சாயம்தானே? விற்றவரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். – பள்ளத்தூர்

பதில்: போய் மன்னிப்புக் கேளுங்கள். நிறம் கவுனியின் தவிட்டிலேயே இருக்கிறது, ஊறினால் இறங்கத்தான் செய்யும். ஒரு மணியை உடைத்துப் பாருங்கள்: மேலே கருப்பு, உள்ளே வெள்ளை. இராத்திரி முழுக்க ஊறினாலும் வேக நேரமெடுக்கும். கால் மணி நேரத்தில் குழைந்துவிட்டால் அப்போது சண்டைக்குப் போகலாம்.

கேள்வி: கோயிலுக்குப் போகிற வழியில் ஒருவர் தேனடையோடு தேன் விற்கிறார். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்கிறது. நம்பி வாங்கலாமா? – கானாடுகாத்தான்

பதில்: நானும் அப்படிப் பார்த்துத்தான் ஒரு லிட்டர் வாங்கினேன். அடை நிஜம், அதில் மொய்த்த ஈயும் நிஜம். வாளியில் இருந்தது வெல்லப்பாகு. கெட்டியான பாகும் தண்ணீரில் அடிக்குத்தான் போகும் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. பாட்டில் இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது. பணியாரத்துக்கு ஊற்றிக்கொள்கிறோம்.