கொன்டெய்னருக்குள் கொன்டெய்னர்

அன்புள்ள அண்ணா,

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். மாமா எல்லவில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். அதற்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். என் லேப்டாப்பில் நன்றாகத்தான் இருக்கிறது. மாமாவின் போனில் திறந்தால் பக்கம் இடமும் வலமும் ஆடுகிறது, அறைப் படத்தில் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. எல்லாவற்றையும் கொன்டெய்னருக்குள், அதாவது உள்ளடக்கத்தைச் சுற்றிப் போடுகிற ஒரு பெட்டிக்குள், போடு என்றார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று போட்டேன். ஓரத்தில் இடைவெளி கூடியதுதான் மிச்சம். அகலம் 1200 பிக்சல் என்று கொடுத்திருக்கிறேன். உண்மையில் எத்தனை கொன்டெய்னர் வேண்டும்?

ச.

அன்புள்ள தம்பி,

ஒன்று போதும். ஆனால் உங்கள் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, அந்த 1200இல் இருக்கிறது.

நான் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், வளர்ந்தவன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே இரண்டு பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் சுவர் நகராது. மழைக்காலத்தில் இஸ்தோப்பிலும், அந்த முன் திண்ணையிலும், பாய் விரிப்போம். அளவை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் ஆளை அடைப்பது அந்தக் கட்டடத்தின் புத்தி. அதே புத்தியோடுதான் நானும் முதல் பக்கங்களைச் செய்தேன். ஒரு தோட்டக் கோயில் திருவிழாவுக்கு 960 பிக்சல் அகலத்தில் பக்கம் கட்டிக் கொடுத்தேன். பிறகு பொடி மெனிக்கே ரயிலில் போகும்போது பக்கத்து இருக்கைக்காரர் அதே பக்கத்தை இரண்டு விரலால் விரித்து, இழுத்து, தேர் எத்தனை மணிக்கு என்று தேடிக்கொண்டிருந்தார். ஹட்டனில் தேடத் தொடங்கியவர், தலவாக்கலை வந்தும் கண்டுபிடிக்கவில்லை. நான்தான் செய்தேன் என்று வாய் திறக்கவில்லை.

‘விட்த்’ (அகலம்) 1200 என்பது கட்டளை. மாமாவின் போன் ஏறக்குறைய 360 பிக்சல் அகலம்தான் இருக்கும், ஆனாலும் பிரவுசர் சொன்னபடி 1200க்குக் கட்டிவிடும். ‘மெக்ஸ்-விட்த்’ 1200 என்று மாற்றுங்கள். அதற்கு மேலே போகாதே, கீழே எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கு என்று அர்த்தமாகிவிடும். இடது வலது மார்ஜினை, அதாவது பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளியை, ‘ஆட்டோ’ ஆக்குங்கள், உள் ஓரத்துக்கு 16 பிக்சல் பேடிங் கொடுங்கள். எங்காவது ‘விட்த்’ 100 சதவீதம் என்று எழுதியிருந்தால் ‘பாக்ஸ்-சைஸிங்’ ‘பார்டர்-பாக்ஸ்’ ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முழு அகலத்தோடு இரண்டு பக்கப் பேடிங்கும் சேர்ந்து 32 பிக்சல் வெளியே தள்ளும். ஆட்டத்துக்கு அதுவே போதும்.

மூன்று கொன்டெய்னர் என்ன செய்தது தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக்கு 16 என்றால், மூன்றுக்கும் சேர்த்து 48, இரு பக்கமும் 96. 360இல் எழுத்துக்கு மிஞ்சுவது 264. பின்னணி நிறம் திரை முழுக்க வேண்டுமென்றால் நிறத்தை வெளியே இருக்கிற பட்டைக்குக் கொடுங்கள், கொன்டெய்னர் அதற்குள்ளே ஒன்று. அந்தப் பட்டைக்கு 100 விடபிள்யூ, அதாவது திரை அகலம் முழுதும், என்று போட்டுவிடாதீர்கள். கணினியில் ஸ்க்ரோல்பார் எடுத்துக்கொள்கிற இடத்தையும் அது சேர்த்துக் கணக்கிடும், மறுபடி ஆட்டம்தான்.

இத்தனைக்குப் பிறகும் ஆடினால் உள்ளே யாரோ சுருங்க மறுக்கிறார்கள். எல்லா எலிமென்டுக்கும், அதாவது பக்கத்தின் ஒவ்வொரு துண்டுக்கும், சிவப்பில் ஒரு ‘அவுட்லைன்’ கோடு போட்டு, எது வெளியே நீட்டுகிறது என்று பாருங்கள். பார்டர் வேண்டாம், அது தானே இடம் பிடிக்கும். படம் என்றால் ‘மெக்ஸ்-விட்த்’ 100 சதவீதம், உயரம் ‘ஆட்டோ’. வாடகை அட்டவணை என்றால் அதைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, அந்தப் பெட்டியை மட்டும் பக்கவாட்டில் உருள விடுங்கள்.

நம் பக்கங்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. ‘நுவரெலியாவிலிருந்து’ என்பது ஒரே சொல். அதைப் பெரிய எழுத்தில் தலைப்பாக வைத்து, பக்கத்தில் ஒரு படத்தோடு ஃபிளெக்ஸில் (பெட்டிகளை வரிசையாக வைக்கும் முறை) அடுக்கினால், அந்தச் சொல்லைவிடக் குறுக மாட்டேன் என்று பெட்டி அடம்பிடிக்கும். ஆங்கிலத்தில் சொற்கள் குட்டையானவை, அதனால் ஆங்கிலப் பாடங்களைப் பார்த்துக் கற்கிறவர்களுக்கு இது அதிகம் அகப்படுவதில்லை. அந்தப் பெட்டிக்கு ‘மின்-விட்த்’ 0 கொடுங்கள், ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ ‘எனிவேர்’ என்று வையுங்கள், இடம் போதாவிட்டால் சொல்லை எங்கேயும் உடைக்கலாம் என்று அர்த்தம். ‘பிரேக்-வேர்ட்’ என்ற மதிப்பு மட்டும் போட்டால் பெட்டியின் குறைந்தபட்ச அகலம் குறையாது. நான் ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பூட்ஸ்ட்ராப் என்கிற ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதைத் தொட்டால் ஒன்று மட்டும்: ‘ரோ’வை, அதாவது அதன் வரிசைப் பெட்டியை, கொன்டெய்னருக்கு வெளியே வைக்காதீர்கள், அதற்கு எதிர்மறை மார்ஜின் உண்டு. ‘கொன்டெய்னர் குவெரி’ என்று ஒன்று கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். திரையின் அகலத்தைப் பார்க்காமல், தான் இருக்கிற பெட்டியின் அகலத்தைப் பார்த்து உள்ளடக்கம் மாறுவதற்கான வசதி அது. 2023 பெப்ரவரியில் ஃபயர்ஃபொக்ஸும் சேர்ந்ததிலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. இரண்டு அறைக்கு அது வேண்டாம்.

இன்று உள்ளே இருக்கிற இரண்டு கொன்டெய்னரையும் அழித்துவிட்டு, மாமாவின் போனிலேயே திறந்து பாருங்கள். லேப்டாப் ஜன்னலைச் சுருக்கிப் பார்த்துவிட்டு சரியாகிவிட்டது என்று எழுதாதீர்கள்.