மெஷின் வாங்கலாம், பக்கத்தில் நிற்க ஆள்?

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய காசில் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வுக்கு மூச்சுக் கொடுக்கிற மெஷின், அதாவது ஒரு வென்டிலேட்டர் வாங்கிக் கொடுக்கப் போகிறோம். நல்ல வேலைதானே?
வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காசைக் கட்டுவதற்கு முதல் ஐ.சி.யு. டொக்டரிடமும் பொறுப்புத் தாதியிடமும் போய், இரவில் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் இருக்கா என்று கேளுங்கள். வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவருக்கு ஒரு தாதி என்பதுதான் முறை. ஆள் போதாத இடத்தில் ஒரே மிஸ் இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறார்.

படுவான்கரைப் பக்கம் வயல் வாடியில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது என்று வையுங்கள். விஷம் தசைகளை முடக்கும், மூச்சு விட ஏலாது, இமையைத் தூக்கவும் ஏலாது, ஆனால் நினைவு பெரும்பாலும் இருக்கும், பக்கத்தில் பேசுவது காதில் விழும். சில நாட்கள் மெஷின் மூச்சுக் கொடுத்தால் எழும்பி வீட்டுக்கு நடந்து போகக்கூடிய மனுசன். அதுவரை தொண்டைக் குழாயில் அடைக்கிற சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வாய் துடைக்க வேண்டும், கண் காயாமல் பார்க்க வேண்டும், எல்லாம் கையால் செய்கிற வேலை. குழாய் அடைத்து அலாரம் அடிக்கிற நேரம் மிஸ் அடுத்த கட்டிலில் இன்னொருவரின் நெஞ்சை அமுக்கிக்கொண்டு நின்றால்? இவரால் கையைத் தூக்கிக் கூப்பிடவும் முடியாது.

2022 பொருளாதார நெருக்கடியோடு டொக்டர்மாரும் தாதிமாரும் நிறையப் பேர் நாட்டை விட்டுப் போனார்கள், அவர்களின் வேலையும் இங்கேயே நின்றவர்களின் தலையில் விழுந்தது. அதனால் மெஷின்தான் தேவை என்று ஐ.சி.யு. டொக்டரும் தாதியும் சொன்னால் வாங்குங்கள். மருந்தை அளவாக ஏற்றுகிற சிரிஞ்ச் பம்ப், வென்டிலேட்டருக்குப் போடுகிற பில்டர், சளி உறிஞ்சுகிற சக்‌ஷன் குழாய்தான் தட்டுப்பாடு என்றால் அதை வாங்குங்கள், திறப்பு விழா வைக்கிற பொருளாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கூடவே, தாதிமாரை நியமிக்கச் சொல்லி உங்கள் சங்கத்தின் பெயரில் சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதமும் போகட்டும்.

கேள்வி: வாப்பா ஐ.சி.யு.வில் இருந்தபோது வெளியே நின்ற எங்களுக்கு ஒருவரும் ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. இது நியாயமா?
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: நியாயமில்லை, உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பத்துப் பேர் மாறி மாறிக் கதவைத் தட்டினால் உள்ளே இருக்கிற மிஸ்ஸுக்குக் கட்டிலை விட்டு வர முடியாது. குடும்பத்தில் ஒருவரைப் பேச வையுங்கள், அம்பாறைப் பக்கம் என்றால் சிங்களம் தெரிந்தவராக இருந்தால் நல்லது. டொக்டர் எத்தனை மணிக்குப் பேசுவார் என்று முதல் நாளே கேட்டு, அந்த நேரத்துக்கு அவரை அங்கே நிற்கச் சொல்லுங்கள்.