சத்து மாத்திரை, பவுடர், பார்வர்டு மெசேஜ்: எதை நம்பலாம், எங்கே சரிபார்க்கலாம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு உணவியல் நிபுணரின் பதில்கள்.

காவேரிப்பட்டணம்: பாலைவிட ராகியில் மூணு மடங்கு கால்சியம்னு வாட்ஸ்அப்பில் வந்தது. மருமகள் அஞ்சு மாசம். கால்சியம் மாத்திரையை நிறுத்திட்டு ராகிக் களி கொடுக்கலாமா?

களி கொடுங்கள் அக்கா, மாத்திரையை நிறுத்தாதீர்கள். அந்த எண் பொய்யில்லை. ஒப்பிட்ட விதம்தான் தவறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் சுமார் 364 மி.கி. கால்சியம், 100 கிராம் பசும்பாலில் சுமார் 118. ஆனால் ராகி காய்ந்த தானியம், பாலில் பெரும்பகுதி தண்ணீர். ஒரே ஆள் 200 மில்லி பால் குடித்துவிடுவார். 100 கிராம் மாவென்றால் பெரிய களி உருண்டை. அதோடு ராகியிலுள்ள பைட்டேட், ஆக்சலேட் என்ற இயற்கை வேதிப்பொருள்கள் கால்சியத்தில் ஒரு பகுதியைக் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் பைட்டேட் குறையும்.

கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டத்தில் தருவது 500 மி.கி. கால்சியம், நாளுக்கு இரண்டு வேளை. கடையில் வாங்கினால் அட்டையைப் படியுங்கள்: 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி.தான். சாப்பாட்டோடு போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ குடித்த கையோடும் இரும்பு மாத்திரை வேண்டாம்.

ஓசூர்: ஜிம்மில் புரோட்டீன் பவுடர் விற்கிறாங்க. ஒரிஜினலா, டூப்ளிகேட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டப்பாவில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண் இருக்கும். அதை அந்த ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள் தம்பி. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் டப்பாவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்த வகைப் பொருளுக்குக் கொடுத்தது என்பதையும் பாருங்கள். மசாலாப் பொடிக்கு வாங்கிய எண்ணைப் புரோட்டீன் டப்பாவில் அச்சடித்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்றும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்றும் லேபிளில் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும், விற்க அனுமதி உண்டு என்றுதான் பொருள். உடம்பு ஏறும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

அடுத்து, சேர்மானப் பட்டியல். சாதாரண ஆய்வில் நைட்ரஜனை அளந்துதான் புரோட்டீனைக் கணக்கிடுகிறார்கள். அதனால் நைட்ரஜன் உள்ள, விலை குறைந்த கிளைசின், டாரின் என்ற அமினோ அமிலங்களைச் சேர்த்தால் காகிதத்தில் கிராம் கூடிவிடும், தசைக்கு ஒன்றும் போகாது. பட்டியலில் அவை முன்வரிசையில் இருந்தால் வாங்காதீர்கள்.

உங்களுக்கு அது வேண்டுமா என்பதையும் கணக்குப் போடுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை, எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன், 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். ஒரு முட்டையில் 6 கிராம், 50 கிராம் கொள்ளில் சுமார் 11, அதே அளவு வேர்க்கடலையில் சுமார் 12. ஐ.சி.எம்.ஆரின் 2024 உணவு வழிகாட்டியே, உடம்பு ஏற்றப் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்கிறது.

பென்னாகரம்: பிள்ளைக்குப் பல்லில் பழுப்புக் கறை. தண்ணியில ஃப்ளோரைடுங்கறாங்க. அதை முறிக்க ஒரு சூரணம் விற்கிறாங்களே?

அந்தக் கறை, ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே எனாமலில் விழுந்தது. எந்தச் சூரணமும் எடுக்காது. பல் மருத்துவர் மேற்பூச்சால் மறைக்கலாம். காசைத் தண்ணீர்ப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் அலசி, நிரப்பி, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊரென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள், போர் தண்ணீர் துணி துவைக்க. சோறு, களி, குழம்புக்கும் இது பொருந்தும். குடிக்க மட்டும் மாற்றிவிட்டு உலைக்குப் போர் தண்ணீரை ஊற்றினால் பாதி பயன்தான்.

அரூர்: முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை போடுறேன். இப்ப தைராய்டு அதிகம்னு ரிப்போர்ட் வந்திருக்கு.

ரிப்போர்ட்டை வைத்து உடனே மருந்து தொடங்க வேண்டாம்மா. பயோட்டின் ஒரு பி வைட்டமின். சில பரிசோதனைக் கருவிகள் அதையே வேதிப்பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். உடம்புக்கு நாளுக்குப் போதுமானது 30 மைக்ரோகிராம். முடி மாத்திரையில் பெரும்பாலும் 10,000 இருக்கும். டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டி, அவர் சொல்லும் நாள்வரை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள்.

பாலக்கோடு: சர்க்கரையை அடியோடு போக்கும் பொடியாம். சாப்பிட்ட எதிர்வீட்டு அண்ணனுக்கு நிஜமாவே குறைஞ்சிருக்கு.

அப்படிக் குறைவதுதான் எனக்குப் பயம். சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்த பொடிகள் பல நாடுகளில் பிடிபட்டிருக்கின்றன. ஏற்கெனவே மாத்திரை போடுபவர் அதையும் சேர்த்துச் சாப்பிட்டால் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழலாம். முறையான சித்த மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானம் எல்லாம் லேபிளில் இருக்கும். சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஆகவே அப்படி எழுதிய நோட்டீசைப் பார்த்ததுமே ஒதுக்கலாம். சித்த மருத்துவம்தான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவுக்குப் போங்கள், போடுகிற மாத்திரையையும் சொல்லுங்கள்.

தேன்கனிக்கோட்டை: இங்கிலீஷ் வெப்சைட்டைப் போனில் தமிழாக்கிப் படிக்கலாமா? எது நல்ல சைட்?

படிக்கலாம். சத்து மாத்திரைகளுக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் துணையுணவு அலுவலகப் பக்கங்கள் நல்லவை. மேல்வரம்பு, எந்த மருந்தோடு ஒத்துவராது எல்லாம் தனித்தனியாக இருக்கும். கல்லீரலைக் கெடுக்கும் மூலிகையா என்று பார்க்க அதே நிறுவனத்தின் லிவர்டாக்ஸ் இணையதளம். 'ஆய்வு சொல்கிறது' என்று யாராவது எழுதினால் ஆய்வின் தலைப்பைப் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தேடல் தளத்தில் போட்டு, எலியிலா மனிதரிலா, எத்தனை பேரில், எவ்வளவு அளவில் என்று பாருங்கள். அளவே சொல்லாத தகவலை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மொழிபெயர்ப்பில் எண்ணையும் அலகையும் மட்டும் ஆங்கிலப் பக்கத்தில் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். மைக்ரோகிராம் மில்லிகிராமாக மாறினால் ஆயிரம் மடங்கு பிழை. வைட்டமின் டி-யில் ஐ.யு. (சர்வதேச அலகு) என்று வரும், 40 ஐ.யு. சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 ஐ.யு. மாத்திரையைத் தினம் ஒன்று போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, அடங்காத தாகம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். நிறுத்தினாலும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். அதனால் மாத்திரை உறையிலேயே 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதி வையுங்கள்.