பி.டி.எஸ். சேருவதா, ஓராண்டு விட்டுப் படிப்பதா? – கடிதம்

அன்புள்ள சார்,

என் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்து முதல் தடவையாக நீட் எழுதினாள். பயாலஜியில் 262, கெமிஸ்ட்ரியில் 84, பிசிக்ஸில் 41, மொத்தம் 387. தப்பாகப் போட்டவை மட்டும் 49. அவளுக்கு எம்.பி.பி.எஸ். ஆசை கிடையாது, பல் டாக்டர்தான் ஆக வேண்டும் என்கிறாள். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பி.டி.எஸ். கிடைக்கும் போலிருக்கிறது. ஒரு வருஷம் விட்டுப் படித்து அரசுக் கல்லூரியில் சேர்கிறேன் என்று அவள் சொல்கிறாள். வருஷம் போனால் போனதுதான் என்கிறார் அவள் அப்பா. என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? ஆம் என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கட்டணத்துக்காக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

இல்லை என்றால், அந்த 49 கேள்விகளில்தான் விடை இருக்கிறது. ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் விடைக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எப்படித் தவறவிட்டாள் என்று அவளே எழுதட்டும்: பாடமே தெரியாது, தெரிந்தும் தவறிவிட்டது, குருட்டாம்போக்கில் போட்டது. நடுவில் உள்ளதுதான் முக்கியம். தெரிந்த கேள்வியைத் தவறவிட்டால் 4 மதிப்பெண் வராமல் போவதோடு 1 கழிகிறது, ஆக 5 நஷ்டம். அப்படி 20 கேள்விகள் இருந்தால் 100 மதிப்பெண். 387 என்பது 487 ஆகும். அதை ஒரு வருஷத்தில் நிச்சயமாக மீட்கலாம். குருட்டாம்போக்கில் போட்டவை அப்படி அல்ல. நான்கு கேள்விக்கு ஒன்று சரியாக விழுந்தாலும் 4 கூட்டி 3 கழித்து மிஞ்சுவது 1 மதிப்பெண்தான். 49-ல் பெரும்பங்கு அந்த வகை என்றால், பிசிக்ஸை அடியிலிருந்து கட்ட வேண்டியிருக்கிறது என்று பொருள்.

அது முடியுமா என்பதை இப்போதே சோதித்துவிடலாம். இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன் ஆகிய இரண்டு பாடங்களை மட்டும் மூன்று வாரம் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் படித்து, பழைய கேள்விகள் நூறாவது போடட்டும். பிறகு அதே பாடங்களிலிருந்து புதிதாக 45 கேள்விகளை 55 நிமிடத்தில் எழுதச் சொல்லுங்கள். 30 சரியாக வந்தால் ஓராண்டு பலிக்கும். 20-ஐத் தாண்டவில்லை என்றால் கிடைக்கும் இடத்தில் சேர்வதே மேல்.

அவள் அப்பாவின் பயம் எம்.பி.பி.எஸ். விஷயத்தில் பெரிய அளவு நியாயம். பி.டி.எஸ்.-ஸில் அவ்வளவு இல்லை. தனியார் பல் மருத்துவ இடங்கள் ஆண்டுதோறும் நிரம்பாமல் மிஞ்சுகின்றன. அடுத்த ஆண்டும் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிவிட்டால் இதே மாதிரி ஒரு இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம், கட்டணம் சற்றுக் கூடியிருக்கலாம். ஒருபக்கம் பயிற்சி மையச் செலவும் ஒரு வருஷத் தாமதமும். இன்னொரு பக்கம் தனியாருக்கும் அரசுக் கல்லூரிக்கும் உள்ள கட்டண வித்தியாசம், நான்கு ஆண்டுகளுக்கு. ஐந்தாவது ஆண்டு பயிற்சி மருத்துவராக இருப்பது. இதை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் எட்ட வேண்டிய இலக்கை மதிப்பெண்ணில் வைக்காதீர்கள். 2024-ல் 720-க்கு 720 எடுத்தவர்கள் திருத்தப்பட்ட பட்டியலில் 17 பேர். 2025-ல் முதலிடமே 686. அதே 480 இரண்டு ஆண்டுகளிலும் வேறு வேறு இடத்தில் நிற்கும். தமிழ்நாட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை என மூன்றுதான். உங்கள் சமூகப் பிரிவில் கடைசியாக அங்கே சேர்ந்தவரின் மாநில ரேங்க் என்ன, மகளின் ரேங்க் என்ன என்று ஒப்பிடுங்கள்.

இப்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம். "சும்மா போட்டு வைப்போம்" என்று நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு எம்.சி.சி. எனும் மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் கலந்தாய்வில் விருப்பம் பதிவு செய்கிறார்கள். அதற்கு வைப்புத்தொகை 2 லட்சம். முதல் சுற்றில் கிடைத்ததை விட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் பணம் போகும். மிஞ்சிய இடங்களுக்கான கடைசி ஸ்ட்ரே சுற்றில் ஒதுக்கீடு ஆகிச் சேராவிட்டால் பணத்தோடு அடுத்த ஆண்டு நீட் எழுதும் தகுதியும் போகும். ஓராண்டு விட்டுப் படிக்கப் போகிறவள் அந்தச் சுற்றுப் பக்கமே போகக் கூடாது.

சேர்ந்துகொண்டே மறுபடி நீட் எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பல் உடற்கூறியல், அதோடு 75 சதவீத வருகைப்பதிவு. அசல் சான்றிதழ்கள் கல்லூரியில் இருக்கும், விலகினால் அபராதமும் உண்டு. இரண்டும் கெடும்.

அவளுக்குப் பல் மருத்துவம்தான் வேண்டும் என்பதையும் கைகளால் தெரிந்துகொள்ளட்டும். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் கார்விங் மெழுகுக் கட்டியும் அதைச் செதுக்கும் லெக்ரான் கார்வர் என்ற கருவியும் கிடைக்கும். மேல் நடு முன்பல் ஒன்றைச் செதுக்கச் சொல்லுங்கள். அதன் வெளித்தெரியும் பகுதி 10.5 மில்லிமீட்டர் உயரம், 8.5 அகலம், வேர் 13. நடுக்கோட்டை ஒட்டிய முனை கிட்டத்தட்ட செங்கோணம், மறுமுனை உருண்டிருக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி உருட்டிவிடுவார்கள். செதுக்கியது செதுக்கியதுதான், மெழுகை உருக்கி ஒட்டிச் சரிசெய்யாமல், கெட்டால் புதுக் கட்டியில் தொடங்கட்டும். மூன்று தடவை கெட்டும் நான்காவது கட்டியை எடுக்கிறாள் என்றால் அவள் சொல்வதை நம்பலாம்.

இன்னொன்று, நாள். கலந்தாய்வு முடியும் வரை பார்க்கலாம் என்றால் அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். நீட் மே முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வரும். மிஞ்சுவது ஆறு மாதம். அதனால் கலந்தாய்வு ஒருபுறம் நடக்கட்டும், அந்த மூன்று வாரச் சோதனையை நாளையே தொடங்கச் சொல்லுங்கள். 49-ஐப் பிரித்த கணக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.