கேள்வி – பதில்: வெள்ளத்தில் போன மருந்தும் மெடிகேரும்

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டனில் புயல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததால் அம்மாவை டல்லாஸுக்கு அழைத்து வந்துவிட்டோம். மாத்திரைகள், தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி, அட்டை எல்லாம் போய்விட்டன. அவருடையது மெடிகேர் அட்வான்டேஜ் (அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார் நிறுவனத் திட்டம் வழியாகப் பெறுவது). இங்கே செல்லுமா?

பதில்: பேரிடர் அறிவிக்கப்பட்டு, உங்கள் ஹூஸ்டன் பகுதியில் மருத்துவ வசதி தடைபட்டிருந்தால் செல்லும். அப்போது நெட்வொர்க்கில் (திட்டத்தோடு ஒப்பந்தம் செய்த மருத்துவர்கள் பட்டியலில்) இல்லாத மருத்துவரிடமும், அவர் மெடிகேரை ஏற்பவராக இருந்தால், நெட்வொர்க் கட்டணத்திலேயே காட்டலாம்; குடும்ப மருத்துவரின் பரிந்துரையும் வேண்டாம். ஆனால் வரவேற்பு மேசையில் பலருக்கு இந்த விதி தெரியாது. முதலில் திட்டத்தின் உறுப்பினர் சேவையை அழைத்துப் பேசி, பேசியவர் பெயரையும் அந்த அழைப்புக்கான குறிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை வாங்கும்போது மருந்துக் கடைக் கணினி ‘மறுபடி வாங்க இன்னும் நாளாகவில்லை’ என்று மறுக்கக்கூடும். பேரிடரில் தொலைந்தது என்று மருந்தாளரிடம் சொல்லி, திட்டத்தை அழைத்து அந்தத் தடையை நீக்கச் சொல்லுங்கள். கையிலிருந்து பணம் கட்ட நேர்ந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சிபாப் கருவிக்கு ஐந்து ஆண்டு கணக்கு உண்டு; பொதுவாக அதன் பிறகே புதியது கிடைக்கும். தொலைந்தாலோ பழுதுபார்க்க முடியாமல் போனாலோ அது பொருந்தாது. நனைந்த கருவியைப் படமெடுத்த பிறகே எறியுங்கள். அட்டைகள் இரண்டு: திட்ட அட்டையைத் திட்டத்திடமும், மெடிகேர் அட்டையை 1-800-633-4227 எண்ணிலும் கேளுங்கள்.

கேள்வி: புயலால், ஆண்டுதோறும் மெடிகேர் திட்டத்தை மாற்றுவதற்கான டிசம்பர் 7 கெடு தவறிவிட்டது. திட்டம் மாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. பேரிடர்க் காலம் முடிந்தபின் இரண்டு முழு மாதங்கள் வரை மாற்றலாம். மேற்சொன்ன எண்ணையே அழையுங்கள்.