பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் பூமிக்குள் போகுமா?

கேள்வி: வேளச்சேரியில் தனி வீடு. கார் நிறுத்தும் இடம் முழுக்க சிமெண்ட் தளம். மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிறது. உடைத்துவிட்டு பேவர் பிளாக் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?

பதில்: வழக்கமாகப் போடுகிற மாதிரி போட்டால் போகாது. கிரஷர் டஸ்ட்டை (கல் உடைக்கும்போது வரும் தூளை)க் கொட்டி இறுக்கி, பிளாக்கை நெருக்கி அடுக்கி, இடுக்கில் மணலைப் பெருக்கி விடுவார்கள். பார்க்க அழகுதான். தண்ணீர் பெரும்பாலும் மேலேயே ஓடிவிடும்.

பிளாக்குக்கு அடியில் என்ன போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு அடி கனத்துக்குத் தூசி இல்லாத ஜல்லி வேண்டும்: கீழே ஒன்றரை இன்ச் ஜல்லி, மேலே முக்கால் இன்ச் ஜல்லி. அதன்மேல் பிளாக் உட்கார இரண்டு இன்ச் கனத்துக்குக் கால் இன்ச் கல் சிப்ஸ். இடுக்கை நிரப்பவும் சின்ன சிப்ஸ்தான். எம்-சாண்ட் (கல்லை அரைத்த மணல்) எங்கேயும் வரக்கூடாது. மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரியுங்கள். கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. பிளாக், நடைபாதைக்கு 60 போதும்.

ஜல்லிக்குள் சுமார் 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும். அதாவது 100 சதுர அடியில் ஒரு அடி ஜல்லி ஏறக்குறைய 1,100 லிட்டர் பிடிக்கும். 10 செ.மீ. மழையில் அந்த இடத்தில் விழுவது சுமார் 930 லிட்டர். கணக்கு சரியாக வருகிறது, ஆனால் மாடித் தண்ணீரையும் இதிலேயே திருப்பிவிட்டால் தாங்காது. அதை மழைநீர்க் கிணற்றுக்குத் தனியாகக் கொண்டுபோங்கள்.

பெசன்ட் நகர் மணலில் இந்த நீர் சீக்கிரம் இறங்கிவிடும். உங்கள் பக்கம் களிமண். ஒன்றரை அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால், ஜல்லிக்குள் துளையிட்ட பிவிசி குழாய் பதித்து மழைநீர்க் கிணற்றோடு இணைக்க வேண்டும். அஸ்திவாரத்தையும் சம்ப்பையும் ஒட்டி இந்த ஜல்லித் தளத்தைப் போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று: தேங்குவது உங்கள் வாசலில் பெய்த மழையா, தெருவிலிருந்து உள்ளே வருவதா? தெருத் தண்ணீர் என்றால் இந்தச் செலவே வீண், முதலில் வாசல் மட்டத்தை உயர்த்துங்கள்.

பராமரிப்பு பெரிதில்லை. இலையும் மண்ணும் இடுக்கை அடைக்காமல் பெருக்கி வாருங்கள். அடைத்துவிட்டால் மேல் சிப்ஸைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பலாம். பின்னாளில் வீட்டில் பூச்சு வேலை நடந்தால் அந்தத் தளத்தின்மேல் கலவை குழைக்க மட்டும் விடாதீர்கள். சிமெண்ட் பால் உள்ளே இறங்கி உறைந்துவிட்டால் அந்தப் பகுதியைப் பெயர்த்துத்தான் போட வேண்டும்.