மர்மக் கதைக்காரரை அழையுங்கள், ரீச்சர்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருகோணமலையில் எங்கள் பகுதிப் பொது நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். ஒக்ரோபர் வாசிப்பு மாதத்தில், புத்தகம் வாங்க நிதி சேர்க்க யோசித்திருக்கிறோம். துப்பறியும் கதை எழுதுகிறவர்களை அழைத்து ஒரு மாலை நிகழ்வு வைக்கலாம் என்றார் இளம் உறுப்பினர் ஒருவர். மூத்தவர்கள் இருவருக்கு அதில் விருப்பமில்லை. "கொலையும் களவும் எழுதுகிறவர்களை வைத்து நூலகத்துக்குக் காசு சேர்ப்பது அழகில்லை" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, உவர்மலை

அன்புள்ள ரீச்சருக்கு,

அழையுங்கள். தயங்கவே வேண்டாம்.

உங்கள் நூலகத்தின் இரவல் பகுதியில் ஒரு பின்னேரம் நின்று பாருங்கள். எந்தப் புத்தகத்தின் முதுகு பிய்ந்திருக்கிறது, எதில் திகதி முத்திரை குத்த இடமில்லாமல் புதுத்தாள் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் விளங்கும். தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ் வசந்தும் இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. மர்ம நாவலைப் பெரும்பாலானோர் ஒரு தரம்தான் வாசிப்பார்கள். கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு அதைக் காசு கொடுத்து வாங்கி அலுமாரியில் வைக்க எல்லோருக்கும் மனம் வராது. இரவல் வாங்கி, விடிய விடிய வாசித்து, அடுத்தவருக்குக் கொடுக்கத்தான் தோன்றும். அந்த வகை எழுத்துக்கு வாசகரைச் சேர்த்துக் கொடுத்ததில் வாசிகசாலைகளின் பங்கு மிகப் பெரியது. அதை எழுதுகிறவர்கள் உங்கள் மேடைக்கு வந்தால், அது அவர்கள் நூலகத்துக்குச் செய்யும் உபகாரம் என்று நான் நினைக்கமாட்டேன். பட்ட கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கிறார்கள், அவ்வளவுதான்.

வேறு இடங்களில் இது நடந்த காரியம். அகதா கிறிஸ்ரி 1954 இல் தன் ஊர்த் தேவாலயத்துக்கு நிறக்கண்ணாடி யன்னல் வைப்பதற்கென்றே ஒரு குறுநாவல் எழுதினார். அதன் நீளம் சஞ்சிகைகளுக்குத் தோதாக இல்லாததால் விலைபோகவில்லை. அவர் விட்டுவிடவில்லை, தேவாலயத்துக்காக வேறொரு சிறுகதை எழுதிக் கொடுத்தார். ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்துக்கு உடற்கூற்றுத் துறைக்கான புதிய பிணவறை கட்டப் பத்து இலட்சம் பவுண் தேவைப்பட்டபோது குற்றக்கதை எழுத்தாளர்கள் பத்துப் பேர் முன்வந்தார்கள். எந்த எழுத்தாளரின் பெயரைக் கட்டடத்துக்கு வைப்பது என்று வாசகர்கள் காசு கொடுத்து வாக்குப் போட்டார்கள். வென்றவர் வால் மக்டேர்மிட். 2014 இல் அவர் பெயரிலேயே அது திறக்கப்பட்டது.

எங்கள் பக்கத்திலும் பாருங்கள். 1933 இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம்தான் பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளர்ந்தது. அதன் கட்டட நிதிக்குக் களியாட்ட விழாகூட நடத்தினார்கள். அந்தக் காசு எந்த வழியால் வந்ததென்று எந்த வாசகரும் கேட்டதாக நான் அறியேன்.

ஆனால் மூத்தவர்கள் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் ஊரில் கொலை கதைக்குள் மட்டும் நடந்ததல்ல. ஆட்கள் காணாமற் போன வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த இரண்டு பேருக்கும் அப்படி ஏதாவது நினைவு இருக்கலாம். முதலில் அவர்களோடு இருந்து கதையுங்கள். எனக்கோ, எங்கள் சனம் துப்பறியும் கதையை விரும்புவதற்கே அதுதான் காரணம் என்று படுகிறது. அந்தக் கதையில் ஒருவர் செத்தால் யாரோ ஒருவர் வந்து கேட்கிறார்: யார் செய்தது, ஏன் செய்தது? கடைசிப் பக்கத்துக்குள் பதில் கிடைத்துவிடுகிறது. பதில் கிடைக்காமலே முதுமையடைந்த தாய்மார் இருக்கிற ஊரில் அது சின்ன விசயமில்லை.

வருகிறவர்களிடம் பேச்சு மட்டும் கேட்காதீர்கள். கதை கேளுங்கள். 1931 இல் லண்டன் துப்பறியும் எழுத்தாளர் கழகத்தினர் ஆளுக்கொரு அத்தியாயமாக ஒரே நாவலை எழுதினார்கள். அதில் கிடைத்த பணம் கழகத்துக்கே போனது. அதேபோல இங்கே திருகோணமலையைக் களமாக வைத்து ஒரு தொடர்கதை எழுதச் சொல்லுங்கள். விசயத்துக்கா பஞ்சம்? பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், வந்து கோணேசர் கோயில் திருப்பணியைப் பிரிப்பான் என்று சொல்லும் கல்வெட்டு கோட்டை வாசலில் நிற்கிறது. போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்த காலத்தில் மண்ணுக்குள் மறைந்த விக்கிரகங்கள் 1950 இல் கிணறு தோண்டும்போது வெளியே வந்தன. 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் கோயில் இருக்கும் சுவாமிமலைக்குக் கீழே கடலுக்குள் இறங்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். அந்த விக்கிரகங்களைப் புதைத்த கை யாருடையது? அந்த ஒரு கேள்வியை வைத்தே பத்து அத்தியாயம் எழுதலாம். கிண்ணியாவிலும் மூதூரிலும் எழுதுகிறவர்களையும் சேருங்கள். அவர்கள் இல்லாமல் இது இந்த மாவட்டத்துக் கதையாகாது.

அத்தியாயங்களைச் சிறு பிரசுரமாக அச்சிட்டு விற்கலாம். கதையில் வரும் ஒரு பாத்திரத்துக்குத் தன் பெயரை வைக்க விரும்புகிறவரிடம் நன்கொடை வாங்கலாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் தங்கள் பாட்டியின் பெயருக்குச் சந்தோசமாகக் கொடுப்பார்கள். ஆனால் கொல்லப்படுகிறவருக்கும் கொலையாளிக்கும் உயிரோடிருப்பவர் பெயரோ காணாமற் போனவர் பெயரோ வேண்டாம். இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

காசு விசயம். தனியார் ஒருவரின் கணக்கில் போடவேண்டாம். நூலகரோடு கதைத்து முறையான கணக்கைத் திறந்து, ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். வாங்கிய புத்தகங்களின் பட்டியலை நூலக வாசலில் ஒட்டுங்கள். நீங்கள் சேர்த்தீர்கள் என்பதற்காக உள்ளூராட்சி சபை நூலகத்துக்கு ஒதுக்கும் பணம் குறைந்துவிடக்கூடாது என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். அது மக்களின் வரிப்பணம். நூலகம் நடத்துவது சபையின் கடமை.

வாங்கும் புத்தகங்களில் பாதி சிறுவர் பகுதிக்குப் போகட்டும். மீதியில் மர்ம நாவல்களும் கட்டாயம் இருக்கட்டும். கிழிந்து தேய்ந்தவற்றுக்குப் பதிலாகப் புதுப் பிரதிகள் வாங்குங்கள்.

நான் மர்மக் கதை எழுதுகிறவன் அல்ல. ஆனால் தொடர்கதையின் அத்தியாயங்கள் வந்ததும் அனுப்புங்கள். மெய்ப்புப் பார்த்துத் தருவது என் பொறுப்பு.